திறப்பு விழாவுக்குக் காசுண்டு, ஒயிலுக்கு இல்லை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உழைத்துக்கொண்டிருக்கும் டீசல் எஞ்சின்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், பத்திரிகைத் துறையில் என்னோடு நெடுங்காலம் பணியாற்றிய நண்பர் ஒருவர் சிரித்தார். "அரசியலும் இலக்கியமும் எழுதிய கைக்கு இப்போது கிறீஸ் எதற்கு?" என்றார். அரசியலைத்தான் எழுதப் போகிறேன் என்று அவருக்குச் சொன்னேன். ஒரு சமூகம் தன் பொதுப்பணத்தை எதற்குச் செலவிடுகிறது, எதற்குச் செலவிட மறுக்கிறது என்பதைவிடப் பெரிய அரசியல் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதை அறிந்துகொள்ள நாடாளுமன்ற உரைகளைப் படிப்பதிலும் பார்க்க, ஒரு மின்பிறப்பாக்கியின் ஒயில் அளவுகோலை வெளியே இழுத்துப் பார்ப்பது நல்ல வழி.

எந்த எஞ்சின்கள்? வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வங்கக் கடலுக்குப் போகும் பல நாள் படகுகளின் எஞ்சின்கள். பெரும்போக அறுவடைக் காலத்தில் படுவான்கரை வயல்களில் இரவு பகலாக ஓடும் அறுவடை இயந்திரங்கள். அரிசி ஆலைகள், ஐஸ் தொழிற்சாலைகள், வைத்தியசாலைகள், பாசிக்குடா ஹோட்டல்கள் ஆகியவற்றின் பின்புறக் கொட்டில்களில் நிற்கும் மின்பிறப்பாக்கிகள். இவற்றுள் சற்றுப் பெரியவை பலவற்றில் டேர்போசார்ஜர் என்ற ஓர் உறுப்பு உண்டு. கராஜ்களில் அதை வெறுமனே டேர்போ என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இயந்திரவியல் அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். டீசலை எரிக்கக் காற்று வேண்டும். அதிகக் காற்றை உள்ளே தள்ளினால் அதிக டீசலை முழுமையாக எரிக்கலாம். அதே அளவு எஞ்சினிலிருந்து கூடுதல் வலுவைப் பெறலாம். மறுபுறம், எரிபொருளில் உள்ள சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சூடான புகையோடு குழாய் வழியே வெளியேறி வீணாகிறது. அந்தப் புகையின் விசையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துவதே டேர்போ. கழிவிலிருந்து வேலை வாங்கும் ஏற்பாடு.

சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்ஃபிரட் பூச்சி 1905ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் எண்ணம் நடைமுறைக்கு வர இருபது ஆண்டுகள் பிடித்தன. 1920களின் நடுப்பகுதியில் 'புரொய்சன்', 'ஹன்சஸ்டாட் டான்சிக்' என்ற இரு ஜேர்மன் பயணிகள் கப்பல்களின் எஞ்சின்களில் டேர்போ பொருத்தப்பட்டபோது, 1,750 குதிரைவலு தந்த எஞ்சின் 2,500 குதிரைவலு தந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் இன்று, கடலிலும் தரையிலும் பெரிய டீசல் எஞ்சின் என்றாலே டேர்போவோடுதான் வருகிறது.

ஆனால் இந்த உறுப்பு மிகுந்த செல்லமாக வளர்க்கப்பட வேண்டிய பிள்ளை. மின்நிலையங்களில் உள்ள பெரிய டேர்போக்கள் நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை சுழல்கின்றன. லொறி, படகு எஞ்சின்களில் உள்ள சிறியவை ஒரு லட்சத்தையும் தாண்டும். ஒருபுறம் 500, 600 பாகை வெப்பப் புகை. மறுபுறம் வெளிக்காற்று. இரண்டுக்கும் நடுவே, தலைமுடியிலும் மெல்லிய ஒயில் படலத்தின்மேல் தண்டு மிதந்து சுழல்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. தொட்ட கணத்தில் கதை முடிந்தது. ஒயில் சுத்தமாக, போதிய அழுத்தத்தில், உரிய நேரத்தில் வந்துகொண்டிருக்கும் வரை இந்தத் தண்டு பல்லாயிரம் மணிநேரம் ஓடும். ஒயில் சில நொடிகள் தவறினால் போதும், பேரிங் கருகிவிடும்.

ஆகவே டேர்போ தானாகப் பழுதாவது அரிது. பெரும்பாலான வேளைகளில் மனிதர்தான் அதைப் பழுதாக்குகிறார்கள். வழிகள் எல்லோரும் அறிந்தவை. ஒயிலை உரிய மணிநேரத்தில் மாற்றாமல் விடுவது. பில்டரின் விலையை மிச்சம் பிடிக்கப் போலி பில்டர் போடுவது. குளிர்ந்து கிடந்த எஞ்சினை உயிர்ப்பித்த அடுத்த நொடியே முழுச் சுமையையும் ஏற்றுவது. முழுச் சுமையில் ஓடிய எஞ்சினை, இரண்டு மூன்று நிமிடம் வெறுமனே ஓடி ஆறவிடாமல் சட்டென நிறுத்துவது. அப்படி நிறுத்தினால் ஒயில் ஓட்டம் நின்றுவிடும், சூடு நிற்காது. பேரிங் அறைக்குள் தங்கிய ஒயில் வெந்து கரியாகிக் கட்டிவிடும். அந்தக் கரி அடுத்த தடவை ஒயில் வரும் வழியை அடைக்கும். பழுதான டேர்போவைக் கழற்றிப் புதியதைப் போடுபவர், கரி அடைத்த ஒயில் குழாயைத் துப்புரவாக்காமல் அதையே மீண்டும் பூட்டினால், புதியதும் சில நாட்களில் பழையதன் வழியே போகும். "டேர்போ சாமான் சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பார்கள். குற்றவாளி குழாய்க்குள் இருப்பான்.

நமது பிரதேசத்துக்கே உரிய எதிரிகளும் உண்டு. ஒன்று உப்பு. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையின் காற்றில் உப்பும் ஈரமும் கலந்திருக்கின்றன. காற்றை அமுக்கும் அலுமினியச் சக்கரத்தை அது மெல்ல மெல்ல அரிக்கிறது. படகுகளில் அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் கூலர் உப்புத்தண்ணீரில் வேலை செய்கிறது. அதில் வைத்துள்ள துத்தநாகத் துண்டு தான் அரிபட்டு மற்ற உலோகத்தைக் காக்க வைக்கப்பட்டது. அது கரைந்து முடிந்ததைப் பார்த்து மாற்ற ஆள் இல்லையென்றால் அடுத்து கூலரே கரையும். இன்னொன்று தூசு. அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசும் சுணையும், ஆலைகளில் உமித் தூசும் காற்று பில்டரை அடைத்துவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்னால் மனிதன் எவ்வளவு தூரம் ஓடுவான்? எஞ்சினும் அப்படித்தான். காற்றுக் குறைந்தால் டீசல் முழுதாக எரியாது. கரும்புகை வரும், புகையின் சூடு ஏறும், டீசல் கூடுதலாகச் செலவாகும், வலு குறையும். ஓட்டுநர் இன்னும் அழுத்துவார்.

நீலப்புகை வந்தால் ஒயில் எரிகிறது. கரும்புகை வந்தால் காற்றுப் போதவில்லை. வழக்கமான சீழ்க்கை ஒலி உரசல் ஒலியாக மாறினால் தண்டு ஆடத் தொடங்கிவிட்டது. இவ்வளவையும் அறிந்துகொள்ளப் பட்டம் வேண்டாம். கண்ணும் காதும் போதும். பாரிய எஞ்சின்களில் காற்றுச் சக்கரத்தை ஓட்டத்திலேயே நன்னீர் தெளித்துக் கழுவுவதும், புகைச் சக்கரத்தில் படியும் கரியை அரைத்த கொட்டைத் தோட்டுத் துகள்களை ஊதி உதிர்ப்பதும், உலகெங்கும் கப்பல்களிலும் மின்நிலையங்களிலும் நடைபெறும் அன்றாட வேலைகள். இவற்றில் இரகசியம் எதுவுமில்லை. தயாரிப்பாளரின் கைநூலில் எல்லாம் அச்சிடப்பட்டிருக்கின்றன.

அப்படியானால் ஏன் செய்வதில்லை? இங்கேதான் என் வழக்கு ஆரம்பமாகிறது.

நம்மிடையே ஒரு தத்துவம் வேரூன்றியிருக்கிறது: "ஓடும் வரை ஓடட்டும்." எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை நிறுத்திப் பார்ப்பவன் வேலை கெடுப்பவன். எஞ்சின் நின்ற பிறகு இரவிரவாகத் திருத்தி ஓட வைப்பவன் வீரன். முதலாமவனின் திறமை யாருக்கும் தெரிவதில்லை. ஏனெனில் அவன் இருக்குமிடத்தில் எதுவும் உடைவதில்லை. இரண்டாமவனுக்குத் தேநீரும் சந்தோஷமும் கிடைக்கின்றன. அதற்கு அடுத்த படியும் உண்டு. டேர்போவைத் திருத்தக் காசில்லை என்றால் கழற்றி எறிந்துவிட்டுக் குழாயை நேரே பூட்டி ஓட்டுவது. "டேர்போ இல்லாமலும் ஓடுதுதானே?" என்று பெருமையோடு என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஓடும். டேர்போவை நம்பி வடிவமைத்த எஞ்சின், வரவேண்டிய காற்று வராமல், ஊற்றும் டீசலை எரிக்க முடியாமல், தன் சூட்டில் தானே வெந்துகொண்டு ஓடும். மூன்று கால் கட்டிலில் படுத்துக்கொண்டு நாலாவது கால் மிச்சம் என்று சொல்வதற்கு ஒப்பானது இது.

இதனால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்பவர்களுக்கு மூன்று இடங்களைக் காட்டுகிறேன்.

முதலாவது, கடல். பல நாள் படகு கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல்மைல் தொலைவுக்குப் போகிறது. அங்கே எஞ்சின் நின்றால் தள்ளிக்கொண்டு போவதற்கு அயல்வீட்டார் வரமாட்டார்கள். எஞ்சின் கோளாறினால் வாரக்கணக்கில் மிதந்து அந்நிய நாட்டுக் கரைகளை அடைந்த இலங்கைப் படகுகளின் கதைகளை நாம் ஆண்டுதோறும் வாசிக்கிறோம். 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை விதித்து 2016இல் அதை நீக்கியது. அந்தக் காலத்தில் படகுகளின் இருப்பிடம் காட்டும் கருவிகளை அரசாங்கம் அவசர அவசரமாகப் பொருத்தியது. நல்லது. படகு எங்கே நிற்கிறது என்பதை அக்கருவி சொல்லும். ஏன் நிற்கிறது என்பதைச் சொல்லாது. மீன் வாங்குபவன் கேட்டால் கருவி வருகிறது. மீன் பிடிப்பவனின் உயிர் கேட்டால் ஒயில் பரிசோதனைகூட வருவதில்லை.

சிறிய படகுகளின் கதை இது என்று எண்ண வேண்டாம். 2019 மார்ச் 23 அன்று நோர்வேக் கரையோரத்தில் 'வைக்கிங் ஸ்கை' என்ற உல்லாசப் பயணக் கப்பல், 1,300க்கும் மேற்பட்டோருடன், புயலில் எஞ்சின்கள் அத்தனையும் நின்று பாறைகளை நோக்கி அடித்துச் செல்லப்பட்டது. கப்பல் தரைதட்டாமல் தப்பியது மயிரிழையில். 479 பேரை ஹெலிகொப்டர்களில் ஒவ்வொருவராகத் தூக்கி எடுத்தார்கள். நோர்வேயின் விசாரணை அதிகாரிகள் கண்டறிந்தது என்ன? கப்பலின் நான்கு மின்பிறப்பாக்கி எஞ்சின்களில் ஒன்று, டேர்போ பழுதினால் ஏற்கெனவே செயலிழந்திருந்தது. அந்த நிலையிலேயே கப்பல் கடலுக்குப் புறப்பட்டது. மற்ற மூன்றின் தொட்டிகளிலும் ஒயில் அளவு குறைவாக இருந்தது. கப்பல் உருண்டபோது பம்புகள் ஒயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்ச, எஞ்சின்கள் தம்மைத் தாமே நிறுத்திக்கொண்டன. வசதி மிக்க நாட்டில், அண்மையில் கட்டப்பட்ட கப்பலில், ஒரு டேர்போவும் சில அங்குல ஒயிலும் இவ்வளவு செய்யுமானால், வாழைச்சேனையிலிருந்து ஒற்றை எஞ்சினோடு போகும் ஐந்தாறு பேரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு இரண்டாவது எஞ்சின் கிடையாது. ஹெலிகொப்டரும் கிடையாது.

இரண்டாவது, வைத்தியசாலை போன்ற பொது நிறுவனங்கள். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை சென்றது. அளவு குறைந்தும் கூடியும் 2023 பெப்ரவரி வரை அது நீடித்தது. மின்பிறப்பாக்கிகளில் அவசரத் தேவைக்கானவை வேறு, தொடர்ந்து ஓடுவதற்கானவை வேறு. அவசரத் தேவைக்கென மதிப்பிடப்பட்ட ஒன்றுக்குச் சர்வதேச நியமம் அளிக்கும் அளவு ஆண்டுக்கு 200 மணிநேரம். நாளொன்றுக்கு 13 மணிநேரம் ஓட்டினால் அந்த ஆண்டுக் கணக்கு பதினாறாம் நாளில் தீர்ந்துவிடும். அந்தக் காலத்தில் இப்படி ஓடிய இயந்திரங்கள் எத்தனை? மின்சாரம் திரும்பிய பின் அவற்றின் டேர்போக்களைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? நான் ஒரு நிறுவனத்தில் கேட்டேன், பெயர் வேண்டாம். "இப்போது கரண்ட் இருக்கிறதே" என்பது கிடைத்த பதில். அடுத்த தடவை மின்சாரம் போகும்போது சத்திரசிகிச்சை மேசையில் கிடப்பவர் நீங்களாகவோ நானாகவோ இருக்கலாம்.

மூன்றாவது, நமது சட்டைப்பை. கணக்குக்காக, மணிக்கு 50 லீற்றர் டீசல் எரிக்கும் ஒரு மின்பிறப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அடைத்த பில்டராலும் அழுக்கேறிய டேர்போவாலும் செலவு நூற்றுக்கு மூன்று வீதம் கூடுகிறது என்று வைப்போம். மணிக்கு ஒன்றரை லீற்றர். ஆயிரம் மணிநேரத்தில் 1,500 லீற்றர். அந்த டீசலின் இன்றைய விலையையும் ஒரு காற்று பில்டரின் விலையையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் விடை தெரியும். எரிபொருளுக்காக ஜூன், ஜூலை வெயிலில் நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாடு இது. அந்த வரிசையை மறக்கவில்லை என்று சொல்கிறோம். பில்டரை மாற்றாமல் விட்டு ஆயிரக்கணக்கான லீற்றரைக் கரும்புகையாக வானத்துக்கு அனுப்புகிறோம்.

"காசில்லை" என்பது வழக்கமான மறுமொழி. இது உண்மையன்று. வாங்குவதற்குக் காசு இருக்கிறது. வாங்கியதைக் காப்பதற்குத்தான் இல்லை. அரச கணக்கில் மூலதனச் செலவு ஒரு பெட்டி, மீண்டுவரும் செலவு இன்னொரு பெட்டி. முதற்பெட்டியை நிரப்ப வெளிநாட்டு உதவி வரும், அமைச்சர் வருவார், நன்கொடை நிறுவனத்தின் பெயர்ப்பலகை வரும். இரண்டாவது பெட்டியில் எவருடைய பெயரையும் எழுத முடியாது. ஆழிப்பேரலைக்குப் பின் 2005இலிருந்து இந்தக் கரையில் வந்து குவிந்த படகுகளையும் எஞ்சின்களையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. அவற்றோடு சேர்த்து எத்தனை மெக்கானிக்குகளைப் பயிற்றுவித்தார்கள், எத்தனை உதிரிப்பாகக் களஞ்சியங்களைத் திறந்தார்கள் என்பதே என் கேள்வி.

கேள்விப்பத்திர முறையின் விசித்திரத்தையும் சொல்லவேண்டும். மிகக் குறைந்த விலை கூறியவருக்கே ஒப்பந்தம். அந்த இயந்திரம் பத்து ஆண்டில் எவ்வளவு டீசல் குடிக்கும், டேர்போவின் உதிரிப்பாகம் நாட்டில் கிடைக்குமா, யார் திருத்துவார் என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. விலைபோன மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கும் நமது விவசாயிக்குத் தெரிந்தது திணைக்களத்துக்குத் தெரியவில்லை. பாவனையின்றிக் கிடக்கும் வாகனங்களையும் இயந்திரங்களையும் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சுட்டிக்காட்டுகின்றன. அறிக்கை ஒன்று, இயந்திரம் இன்னொன்று. இரண்டும் தத்தம் அலுமாரியில் துருப்பிடிக்கின்றன.

இந்தப் பிரதேசத்தில் துருவின் பெரிய நினைவுச்சின்னம் வாழைச்சேனைக் கடதாசி ஆலை. 1950களில், கைத்தொழில் அமைச்சராக ஜீ.ஜீ. பொன்னம்பலம் இருந்த காலத்துத் திட்டங்களின் தொடர்ச்சியாக எழுந்தது அது. சுற்றுவட்டார வயல்களின் வைக்கோலை வாங்கிக் கடதாசியாக்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதனால் வாழ்ந்தன. அதன் வீழ்ச்சிக்குப் போர் ஒரு பெருங்காரணம். திறந்த சந்தையும் நிர்வாகச் சீர்கேடும் பிற காரணங்கள். எனினும் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படாத பழைய இயந்திரங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. அதை மீளத் திறக்கப்போவதாக எத்தனை அரசாங்கங்கள் அறிவித்தன! 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் நிறுத்தப்பட்டன. அதே மாதத்தில் அச்சுத்தாள் தட்டுப்பாட்டால் 'தி ஐலண்ட்', 'திவயின' பத்திரிகைகளின் சனிக்கிழமை அச்சுப் பதிப்புகள் நிறுத்தப்பட்டன. ஆலை ஒன்றைக் காப்பாற்றத் தவறினால், ஒருநாள் பிள்ளையின் பரீட்சைத் தாளில் அது வந்து முடியும் என்று எவர் எதிர்பார்த்தார்?

"எல்லாம் போரால் வந்தது" என்பது அடுத்த மறுமொழி. போர் நமக்குச் செய்த அழிவை நான் குறைத்து மதிப்பிடுபவன் அல்லன். அதை எழுதியே என் தலைமுடி நரைத்தது. திறமை மிக்க தொழிலாளர்கள் பலர் புலம்பெயர்ந்தார்கள். கனடாவிலும் ஜேர்மனியிலும் இன்று பெரிய வேர்க்ஷொப்களில் வேலை செய்யும் நம்மவர்களின் கைத்திறன் இங்கே இழந்தது. ஆனால் துப்பாக்கிகள் ஓய்ந்து ஒன்றரைத் தசாப்தத்துக்கு மேலாகிவிட்டது. ஒயில் பில்டரை மாற்றாததற்கு இன்னமும் போரைச் சாட்சிக்கு அழைப்பது, போரில் உண்மையாகவே இழந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

"கொழும்பு கவனிப்பதில்லை" என்பது மூன்றாவது மறுமொழி. இதில் பாதி உண்மை. கொள்வனவு அதிகாரமும் பணமும் தலைநகரில் குவிந்திருக்கின்றன. கைநூல் ஆங்கிலத்தில் வருகிறது. இயக்குபவர் தமிழ் படித்தவர். நுண்ணிய சுழல்தண்டைச் சமநிலைப்படுத்தும் வேலைக்கு இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகவேண்டிய நிலை பலருக்கு. இவற்றுக்காகப் போராடத்தான் வேண்டும். ஆனால் காற்று பில்டரைத் தட்டிப் பார்க்கவும், ஒயில் அளவைக் குறித்து வைக்கவும், எஞ்சினை நிறுத்துமுன் மூன்று நிமிடம் ஆறவிடவும் கொழும்பின் அனுமதி தேவையில்லை.

இந்த நாட்டிலேயே பராமரிப்புக்கு நல்ல சாட்சி இருக்கிறது. 1975ஆம் ஆண்டில் கனடாவிலிருந்து 14 டீசல் ரயில் எஞ்சின்கள் வந்தன. ரயில்வேக்காரர்கள் அவற்றை எம்-4 என்பார்கள். 12 சிலிண்டர், டேர்போ பொருத்தியது, 1,750 குதிரைவலு. ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னும் அவற்றுள் சில இலங்கைத் தண்டவாளங்களில் ஓடின. இரத்மலானைத் தொழிற்சாலையிலும் ஓட்டக் கொட்டகைகளிலும், குறைகள் நிறைந்த ஒரு திணைக்களத்தில், குறித்த காலத்தில் எஞ்சினைத் திறந்து பார்க்கும் பழக்கம் முற்றாக அழியாமல் இருந்தமையே காரணம். அந்த டேர்போக்களும் இதே உப்புக் காற்றையும் இதே தூசையும்தான் சுவாசித்தன.

நமது பத்திரிகைகளும் இந்தக் குற்றத்தில் பங்காளிகள். புதிய மின்பிறப்பாக்கி கையளிப்பு என்றால் நான்கு பத்தி, வர்ணப் படம், மாலை போட்ட பிரமுகர்கள் பதின்மர். அதே இயந்திரம் இரண்டு ஆண்டில் நின்றால் உட்பக்கத்தில் நாலு வரி. "இந்த இயந்திரம் ஐந்தாண்டாக ஒரு நாளும் நிற்கவில்லை, இயக்குபவரின் பெயர் இது" என்ற செய்தியை எந்தப் பத்திரிகையிலும் நான் கண்டதில்லை. மக்கள் எதைப் பார்க்கிறார்களோ அதையே அரசியல்வாதி செய்வான். நாடாவை நாம் படம் பிடிக்கும் வரை அவன் நாடாவைத்தான் வெட்டுவான்.

பராமரிப்பு நமக்குப் புதிதன்று. பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் என்ன பேசுகிறார்கள்? எந்தத் திகதிக்குள் வாய்க்கால் துப்புரவு முடியவேண்டும், எந்தத் திகதியில் குளத்துக் கதவு திறக்கும், தவறினவருக்கு என்ன தண்டம். விதைப்புக்கு முன் துப்புரவு என்பதில் அங்கே விவாதமே இல்லை. மாரி வெள்ளம் ஏறும்போது முகத்துவாரத்து மணல் திட்டை எப்போது வெட்டுவது என்று விவசாயிக்கும் மீனவனுக்கும் ஆண்டுதோறும் வாதம் நடக்கும். முந்தி வெட்டினால் ஒருவனுக்கு நட்டம். பிந்தினால் மற்றவனுக்கு வயல் மூழ்கும். ஆயினும், வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகு வெட்டலாம் என்று எவனும் சொல்வதில்லை. நீரில் இவ்வளவு காலக்கணக்கு அறிந்த சமூகம் இயந்திரத்தில் மட்டும் ஏன் குருடாக இருக்கிறது? வலையைக் கரையேறிய அன்றே கிழிசல் பார்த்துப் பொத்தும் மீனவன், எஞ்சினின் ஒயில் குழாயை ஏன் பார்ப்பதில்லை? அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று சொல்லிவைத்தவர்கள் நமது முன்னோர்தானே?

எனவே கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறேன்.

பொதுப்பணத்தில் வாங்கும் ஒவ்வொரு பெரிய எஞ்சினுக்கும் பத்தாண்டுப் பராமரிப்புச் செலவை வாங்கும்போதே ஒதுக்கவேண்டும். ஒதுக்காத கொள்வனவை நிராகரிக்கவேண்டும். ஓடிய மணிநேரம், ஒயில் மாற்றிய நாள், பில்டர் மாற்றிய நாள், புகையின் வெப்பநிலை ஆகியவற்றைப் பதியும் பதிவேடு இயந்திரத்தின் அருகிலேயே தொங்கவேண்டும்; வைத்தியசாலையிலோ பிரதேச சபையிலோ அதைக் கேட்டுப் பார்க்கும் உரிமை பொதுமகனுக்கு உண்டு. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது, பயன்படுத்துங்கள். துறைமுகத்திலிருந்து படகு புறப்படுமுன் உரிமப் பத்திரத்தைப் பார்க்கும் அதிகாரி எஞ்சினையும் பார்க்கவேண்டும். மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரியும், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் சேர்ந்து, எளிய தமிழில் ஒரு டீசல் எஞ்சின் பராமரிப்புக் கைநூலையும், சுழல்தண்டு சமநிலைப்படுத்தும் ஒரு வேர்க்ஷொப்பையும் இந்த மாவட்டங்களுக்குத் தரமுடியாதா? புலம்பெயர்ந்த நம்மவர்கள் ஊருக்கு அனுப்பும் பணத்தில் கோபுரம் கட்டுங்கள், மண்டபம் கட்டுங்கள், நான் தடுக்கவில்லை. அந்த வரிசையில் ஓர் உதிரிப்பாகக் களஞ்சியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன். அங்கே இயந்திரங்களோடு வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றவர்கள் ஒரு மாத விடுமுறையில் வந்தால், நாலு இளைஞர்களுக்குக் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுக்கலாம். பணத்திலும் அது பெரிய நன்கொடை.

படகுச் சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் உங்களுடையது, அதில் போகிற உயிர்கள் உங்களுடையவை அல்ல. அடுத்த பயணத்துக்கு ஐஸ் ஏற்றும் அன்றைக்கே, காற்றுக் குழாயைக் கழற்றி, டேர்போவின் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். உரசுகிறதா, ஆட்டம் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஐயம் இருந்தால் படகு கரையில் நிற்கட்டும். கரையில் நிற்கும் படகால் வருவது நட்டம் மட்டுமே.